பதினோராம் பத்தி

மனுவை நான்தான் எழுதினேன்.
தொண்ணூற்றேழில் போட்ட வழக்கை
இனி நடத்தவே வேண்டாமென்று கேட்கிற மனு.
எட்டுப் பக்கம், இருபத்திரண்டு பத்தி.

வாதி, அட்ராக்டா டெவனி,
மேயோ கடற்கரையில் சால்மன் மீனுக்குப்
புகைபோட்டு விற்ற கொட்டகைக்காரி.
பிரதிவாதி, கோல்மன் பாடன், கொத்தனார், என் கட்சிக்காரர்.
தகராறு, நாற்பது கஜம் கடல்சுவர்.
கட்டிய இரண்டாம் குளிர்காலத்தில்
சுவர் போனது. பின்னாலேயே கொட்டகை.
உள்ளே கம்பி வைத்தாரா, இல்லையா?
கேள்வி அவ்வளவுதான்.
ஒரே பிற்பகலில் கேட்டு முடித்திருக்கலாம்.

பதினோராம் பத்தி:
'பொறியாளர் ஃபெஸ்டஸ் லவெல்
இரண்டாயிரத்து ஒன்பதில் காலமானார்.'
எழுதியதும் பேனாவை மூடிவிட்டு
ஒரு வாய் தேநீர் குடித்தேன்.
நல்ல பத்தி.

பன்னிரண்டு: குவாரி மேஸ்திரி சானி ருவான்
முதியோர் இல்லத்தில்;
பெற்ற மகளைத் தபால்காரி என்கிறார்.
பதின்மூன்று: குவாரி மூடப்பட்டது.
(பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறது, பையன்கள் குதிக்கிறார்கள்.
இது பத்தியில் இல்லை. போனபோது பார்த்தேன்.)
பதினான்கு: புகைப்படங்கள்
அவளுடைய பழைய வக்கீலின் நிலவறையில்
வெள்ளம் புகுந்த வருஷம்
ஒன்றோடொன்று ஒட்டி ஒரே செங்கல்லாயின.

சாவு எங்கள் பக்கம். மறதி எங்கள் பக்கம்.
யோசித்தால் கடலும் எங்கள் பக்கம்தான்,
மிச்சமிருந்த அடித்தளத்தை
அலையலையாக வந்து தின்றுகொடுத்தது.
சட்டத்தில் இதற்குப் பெயர் 'பாதிப்பு'.
பாதிக்கப்பட்டது நாங்கள்.

அந்த வக்கீல் ஒன்பது வருஷம்
கட்டைப் பிரிக்கவே இல்லை என்று எழுதினேன்.
அதற்கு முன் ஆறு வாய்தா கேட்டது
நாங்கள் என்று எழுதவில்லை.
கிறிஸ்துமஸுக்கு அவருக்கு வாழ்த்து அட்டை போனது,
தூங்குகிறவரின் வாசலைக்
கால்விரலால் கடக்கிற மரியாதையோடு.
ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பது
எங்கள் அலுவலகத்தில் பழமொழி இல்லை,
வேலைத் திட்டம்.

டப்ளினில், ஆற்றங்கரை நீதிமன்றத்தில்,
பத்தொன்பது நிமிஷம் எடுத்தது.
நீதிபதிக்குச் சளி.
'அளவு மீறிய தாமதம். மன்னிக்கத்தக்கதுமல்ல.
தள்ளுபடி.'
பிறகு, தாளைப் பார்த்தபடி,
'வருந்துகிறேன், திருமதி டெவனி.'

அவள் எழுந்தாள். எழுபத்து மூன்று வயது.
விடியற்கால ரயிலில் வந்த கோட்டு, முதுகில் கசங்கியிருந்தது.
'அப்போ கம்பி இருந்ததா, இல்லையா?
அதைச் சொல்லவில்லையே, ஐயா.'
'அது என் முன்னால் இல்லை' என்றவர்
கைக்குட்டையைத் தேடினார்.

தாழ்வாரத்து பெஞ்சில் பாடன்,
இரண்டு முழங்காலிலும் எஃகு வைத்துத் தைத்தவர்,
எழுந்திருக்க நேரமாகும்.
சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச்
சண்டைக்காரன் காலில் விழலாம் என்பார்கள்.
சாட்சிக்காரர்கள் மண்ணுக்கடியில்.
அவள் விழவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள்.

'வழக்கு செத்துப்போச்சு, கோல்மன்.
உன்னிடம் ஒரு காசு கேட்க முடியாது நான்.
சும்மா சொல். போட்டாயா?'

அவர் வாய் திறந்தது.
இருபத்தேழு வருஷத்தில்
யாரும் அவரை நேராகக் கேட்டதில்லை,
நான் உட்பட.
என் கை தானாக உயர்ந்தது.
'மேல்முறையீட்டுக்கு இன்னும்
இருபத்தெட்டு நாள் இருக்கிறது.'
திறந்த வாய் மூடிக்கொண்டது.

அவள் திட்டவில்லை.
கைப்பையிலிருந்து ரயில் சீட்டை எடுத்தாள்.
என் பேனாவைக் கேட்டு வாங்கினாள்.
சீட்டின் முதுகில், விரல் மடக்கி எண்ணி,
இருபத்தொன்பதாவது நாளைக் குறித்தாள்.

'செவ்வாய்க்கிழமை வருது.
வீட்டிலேயே இரு.'